லூபஸ் ரத்த ரிப்போர்ட்: எந்த எண் நோயோடு நகரும், எது சும்மா இருக்கும்?

லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த உடம்பையே தாக்கும் நோய். திருவொற்றியூர், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டையிலிருந்து ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லிக்கோ சென்ட்ரல் பக்கம் ஜி.எச்.சுக்கோ போகிறவர்களும், பெரம்பூர், வண்ணாரப்பேட்டை லேப்களில் டெஸ்ட் எடுக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்தப் பதில்களை வைத்து மாத்திரையை நீங்களே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். டாக்டர் முன்னால் உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போகத்தான் இது.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னு வந்திருக்கு. அப்போ எனக்கு லூபஸ்தானா?

அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஏ.என்.ஏ. என்பது நம் உடம்பு தன் சொந்த செல்லின் உட்கருவுக்கு எதிராகவே உண்டாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இது காணப்படும். ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை வைத்துச் செய்து 1997-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், 1:40 அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்தது. 1:80 அளவில் நூற்றுக்கு 13 பேர், 1:160-ல் 5 பேர், 1:320-ல் 3 பேர். தைராய்டு கோளாறு, காசநோய், தொழுநோய், சிக்குன்குன்யா, சில மருந்துகள், வயது ஏறுவது ஆகியவற்றாலும் பாசிட்டிவ் ஆகும். மழைக்காலத்தில் சிக்குன்குன்யா வந்து மூட்டு வலி போகாமல் இருக்கும்போது எடுத்த ஏ.என்.ஏ.வை வைத்து லூபஸ் என்று பயந்துபோனவர்கள் பலர்.

1:80 என்றால் உங்கள் சீரத்தை 80 மடங்கு நீர்க்க வைத்த பிறகும் மைக்ராஸ்கோப்பில் ஒளிர்வு தெரிந்தது என்று அர்த்தம். இது 80, 160, 320, 640 என இரட்டிப்பாக ஏறும். சில லேப்களில் 100, 320, 1000 என்று போகும். ஒரு படி முன்னே பின்னே இருந்தால் அது பார்த்தவர் கண்ணிலும் ரசாயனத்திலும் உள்ள வித்தியாசம். அதில் நோயைத் தேட வேண்டாம்.

உலக அளவில் இப்போது பயன்படும் 2019 வகைப்பாட்டு விதிகளில் ஏ.என்.ஏ. 1:80 என்பது உள்ளே வருவதற்கான வாசல் மட்டும்தான். அதற்குப் பிறகு மதிப்பெண் 10 சேர வேண்டும். அதில் உடம்பில் தெரியும் அறிகுறி ஒன்றாவது இருந்தாக வேண்டும். மூட்டு வீக்கத்துக்கு 6, சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் 4, வெள்ளணு குறைவுக்கு 3, இரட்டை இழை டி.என்.ஏ. ஆன்டிபாடி அல்லது எஸ்.எம். ஆன்டிபாடிக்கு 6 என்று போகும் அந்தக் கணக்கு. ஆராய்ச்சிக்காக நோயாளிகளை ஒரே மாதிரி வகைப்படுத்தப் போட்ட கணக்கு இது. வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து முடிவு கட்டுவதற்கு அல்ல.

ஏ.என்.ஏ. நெகட்டிவ். ஆனா டாக்டர் லூபஸ் மாதிரி இருக்குன்னு சொல்றாரு. எப்படி?

முதலில் எந்த முறையில் செய்தார்கள் என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். 1:80 போன்ற டைட்டர் இல்லாமல் 0.8, 1.3 என்று வெறும் எண் போட்டிருந்தால் அது பெரும்பாலும் எலைசா. விலை குறைவு, ஆனால் சில ஆன்டிபாடிகளைத் தவறவிடும். ஹெப்-2 செல்லில் செய்யும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் முறையில் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதிலும் நெகட்டிவ் என்றால் லூபஸாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வேறு காரணத்தைத் தேடுவதுதான் முறை.

ஹோமோஜீனியஸ், ஸ்பெக்கிள்டு என்றெல்லாம் போட்டிருக்கே?

ஒளிர்வின் வடிவம் அது. உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்தால் ஹோமோஜீனியஸ்; டி.என்.ஏ., ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளில் அப்படி வரும். புள்ளி புள்ளியாக இருந்தால் ஸ்பெக்கிள்டு; எஸ்.எம்., ஆர்.என்.பி., ரோ, லா என்ற ஆன்டிபாடிகளில் வரும், ஒன்றுமே இல்லாதவர்களிடமும் வரும். சென்ட்ரோமியர் என்றிருந்தால் டாக்டர் லூபஸைவிட, தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மாவைத்தான் நினைப்பார். அடர்ந்த நுண்புள்ளி வகை, அதாவது டி.எஃப்.எஸ்.70, மற்ற ஆன்டிபாடி எதுவும் இல்லாமல் தனியாக வந்தால் அநேகமாகக் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஏ.என்.ஏ. எடுத்துப் பார்க்கணுமா?

வேண்டாம். ஒருமுறை தெளிவாகப் பாசிட்டிவ் வந்து லூபஸ் என்று உறுதியான பிறகு அதைத் திரும்ப எடுப்பது காசைக் கடலில் போடுவது. ஏ.என்.ஏ. ரேஷன் கார்டு மாதிரி: வீடு யாருடையது என்று சொல்லும், இன்றைக்கு அடுப்பு எரிகிறதா என்று சொல்லாது. 1:640 இருந்தது 1:160 ஆனதால் நோய் இறங்கிவிடவில்லை. 1:1280 ஆனதால் ஏறிவிடவும் இல்லை. ‘லூபஸ் பேக்கேஜ்’ என்று மொத்தமாக ஒரு விலை சொல்லும் இடங்களில் இதையும் சேர்த்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு மீதியை மட்டும் போடச் சொல்லலாம்.

ஏ.என்.ஏ. புரொஃபைலில் பதினைந்து பெயர் இருக்கு. எதைப் பார்க்கிறது?

ஏ.என்.ஏ.வில் எந்தெந்த வகை ஆன்டிபாடி என்று பிரித்துக் காட்டும் பட்டியல் அது. எஸ்.எம். பாசிட்டிவ் என்றால் லூபஸ் என்பதற்கு வலுவான சாட்சி, மற்றவர்களிடம் அபூர்வம். ஆனால் லூபஸ் உள்ளவர்களிலேயே சிறு பங்கினரிடம்தான் இருக்கும் என்பதால் நெகட்டிவ் வந்தால் நிம்மதியடைய ஒன்றும் இல்லை. யு1 ஆர்.என்.பி. அதிகம் உள்ளவர்களுக்குக் குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் தொல்லை, விரல் வீக்கம், கலப்பு இணைப்புத் திசு நோய் ஆகியவை வரலாம். ரோ, லா இருந்தால் வெயில் பட்டால் தோலில் தடிப்பு, கண்ணும் வாயும் வறள்வது, கர்ப்பத்தில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டிய தேவை. ஹிஸ்டோன் தனியாக வந்தால் மருந்தால் வந்த லூபஸா என்று யோசிக்க வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் அப்படிச் செய்யக்கூடிய மருந்துகளில் ஒன்று, நீங்கள் டி.பி. மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தப் பட்டியல் பெரும்பாலும் ஸ்டிரிப்பில் விழும் கோட்டின் அடர்த்தியை வைத்து ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று வருவது. ஒற்றைப் பிளஸ், ‘பார்டர்லைன்’ இவற்றை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இந்த புரொஃபைலும் ஒருமுறை எடுத்தால் போதும். இதில் டி.எஸ்.டி.என்.ஏ. (இரட்டை இழை டி.என்.ஏ. ஆன்டிபாடி) என்றிருக்கும் வரியும் கண்காணிப்புக்கு ஆகாது. அதற்குத் தனியாக அளவு சொல்லும் டெஸ்ட் வேண்டும்.

டி.எஸ்.டி.என்.ஏ. ஒரு லேபில் 90, இன்னொரு லேபில் 310. ஒரே வாரத்தில் நோய் மூணு மடங்கு ஆயிடுச்சா?

இல்லை, நீங்கள் லேப் மாற்றியிருக்கிறீர்கள். இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான இந்த ஆன்டிபாடிதான் பலரிடம் நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும், அதிலும் குறிப்பாகச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறவர்களிடம். அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். ஆனால் இதை அளக்க எலைசா, கெமிலுமினசன்ஸ், கிரித்திடியா என்ற நுண்ணுயிரை வைத்துப் பார்க்கும் ஒளிர்வு முறை என்று பல வழிகள் உள்ளன. ஒவ்வொரு கம்பெனி கிட்டுக்கும் அளவுகோல் வேறு. ஒன்றில் 25-க்கு மேல் பாசிட்டிவ், இன்னொன்றில் 100-க்கு மேல். ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் அச்சடித்த நார்மல் அளவையும் முறையின் பெயரையும் சேர்த்தே குறித்து வையுங்கள். கிரித்திடியா முறை சிறிய அளவைப் பிடிக்காது, ஆனால் பிடித்தால் பெரும்பாலும் உண்மை. எலைசா நிறையப் பிடிக்கும், சில நேரம் வேண்டாததையும் பிடிக்கும்.

ஆகவே நடைமுறை இது: ஒரே லேப், ஒரே முறை. மூலக்கடையிலோ தண்டையார்பேட்டையிலோ நீங்கள் ரத்தம் கொடுக்கும் இடம் கலெக்ஷன் சென்டராக மட்டும் இருக்கலாம்; டெஸ்ட் வேறு ஊரில் நடக்கலாம். பலகையில் உள்ள பெயர் மாறாவிட்டாலும் பின்னால் செய்யும் லேப் மாறியிருக்கும். ரிப்போர்ட்டின் அடியில் ‘டெஸ்ட் செய்யப்பட்ட இடம்’ என்று இருக்கும் வரியைப் படித்தால் தெரியும். அரசு மருத்துவமனையில் பார்க்கிறவர்கள் முடிந்தவரை அங்கேயே எடுப்பது நல்லது. அவசரத்துக்கு வெளியே எடுக்க நேர்ந்தால் அந்த எண்ணைப் பழைய வரிசையில் சேர்க்காமல் தனியாக எழுதுங்கள்.

எவ்வளவு ஏறினால் கவலைப்படுவது? நார்மலுக்கு மேலே எப்போதும் 150-ல் நிற்கிறவருக்கு 170 ஒன்றுமில்லை. 40-லேயே இருந்தவருக்கு இரண்டு மாதத்தில் 160 என்றால் டாக்டர் யூரினையும் காம்ப்ளிமென்ட்டையும் (அடுத்து வரும் சி3, சி4) உடனே பார்ப்பார். இன்னொரு விசித்திரமும் உண்டு. நோய் கிளம்பும் நேரத்தில் இந்த ஆன்டிபாடி ரத்தத்திலிருந்து சிறுநீரக வடிகட்டிகளில் போய்ப் படிந்துவிடுவதால், ஏறிக்கொண்டிருந்த எண் திடீரென்று இறங்கவும் செய்யலாம். கால் வீங்கி, யூரின் நுரைத்துக்கொண்டிருக்கும்போது ‘டி.என்.ஏ. குறைஞ்சிருக்கு’ என்று சந்தோஷப்படக் கூடாது.

சி3, சி4 எதுக்கு? குறைஞ்சா ஏன் பயப்படறாங்க?

காம்ப்ளிமென்ட் என்பது கிருமியை அழிக்கும் புரதக் கூட்டம்; சி3, சி4 அதில் இரண்டு. ஆன்டிபாடி எங்கே போய் ஒட்டிக்கொள்கிறதோ அங்கே இது செலவாகும். அதனால் மற்ற எண்களுக்கு நேர்மாறாக இங்கே குறைவதுதான் கெட்டது. பெரும்பாலான லேப்களில் சி3 ஒரு டெசிலிட்டருக்கு 90 முதல் 180 மி.கி., சி4 10 முதல் 40 மி.கி. என்ற ஒட்டில் நார்மல் போட்டிருப்பார்கள்.

இதிலும் உங்கள் பழைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். சிலருக்குப் பிறப்பிலேயே சி4 மரபணு குறைவாக இருக்கும். நோய் முழுக்க அடங்கிய பிறகும் சி4 7-லேயே நிற்கும். அவர்களுக்குச் சி3 என்ன செய்கிறது என்பதே முக்கியம். தொற்றுக் காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் ஈரல் காம்ப்ளிமென்ட்டை அதிகமாகச் சுரப்பதால், உள்ளே செலவாகிக்கொண்டிருந்தாலும் ரிப்போர்ட் நார்மலாகக் காட்டும். எப்போதும் சி3 130 உள்ள ஒருவருக்குக் கர்ப்பத்தில் 95 வந்தால் பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தாலும் அது இறக்கம்தான்.

காம்ப்ளிமென்ட் முழுவதும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சி.எச்.50 டெஸ்ட் எழுதினால் மட்டும் கவனம். சாம்பிள் சூட்டில் கிடந்தால் அது கெட்டுவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் மணிக்கணக்கில் சுற்றிய சாம்பிளின் சி.எச்.50-ஐ நம்ப முடியாது. அதற்கு மெயின் லேபுக்கே போய்க் காலையில் கொடுங்கள்.

காய்ச்சல் வந்தா லூபஸ் கிளம்பியிருக்கா, தொற்றா? ரத்தத்தில் தெரியுமா?

ஓரளவு தெரியும். இந்தக் கேள்வியில் தவறு செய்தால் விலை அதிகம். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்த அளவுகள். லூபஸ் கிளம்பும்போது ஈ.எஸ்.ஆர். ஏறும்; சி.ஆர்.பி. பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. சி.ஆர்.பி. ஒரு லிட்டருக்கு 50 மி.கி.யைத் தாண்டினால் முதலில் பாக்டீரியா தொற்றைத் தேட வேண்டும். நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ நீர் கோக்கும் வகை, கடுமையான மூட்டு வீக்கம் ஆகியவற்றில் மட்டும் லூபஸிலேயே சி.ஆர்.பி. ஏறலாம். ஒரு பொறி: சில லேப்கள் டெசிலிட்டர் கணக்கில் போடும். அங்கே 5 என்றால் இங்கே 50.

வெள்ளணுவும் பிளேட்லெட்டும் குறைவது லூபஸிலும் வரும், டெங்குவிலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கி நிற்கும் பகுதியில் இருந்துகொண்டு காய்ச்சல், உடம்பு வலி, 80,000 பிளேட்லெட் என்று வந்தால் லூபஸ் என்று நாமே முடிவு செய்து ஸ்டீராய்டைக் கூட்டிக்கொள்ளக் கூடாது. முதல் ஐந்து நாட்களுக்குள் டெங்குவுக்கான என்.எஸ்.1 டெஸ்ட், அதற்குப் பிறகு டெங்கு ஐ.ஜி.எம். எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போட வேண்டாம். டெங்குவில் ரத்தக்கசிவுக்கு வழி, லூபஸில் சிறுநீரகத்துக்குக் கேடு. பாராசிட்டமால் மட்டும். பல மாதமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் காய்ச்சல் என்று அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் அசாத்தியோப்ரின், மைக்கோஃபெனோலேட் போன்ற மாத்திரைகளை நிறுத்தி வைப்பதா என்பதை டாக்டர் சொல்வார். அதை அன்றே கேட்டுவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் இருக்கிறவர்களுக்குக் காசநோய் எளிதில் வரும், அதுவும் வெளியே அடையாளம் காட்டாமல் வரும்.

பிளேட்லெட் பற்றி ஒன்று: உடம்பில் ஒரு ரத்தப் புள்ளியும் இல்லாமல், போன மாதம் 2 லட்சம் இருந்தது இன்று 30,000 என்றால், ஊதா மூடிக் குழாயில் உள்ள ரசாயனத்தால் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொண்டு மெஷின் குறைவாக எண்ணியிருக்கலாம். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ‘ஸ்மியர்’ பார்க்கச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் நீல மூடிக் குழாயில் திரும்ப எடுப்பார்கள்.

எனக்கு ஒண்ணுமே இல்லை. ஏன் ஒவ்வொரு தடவையும் யூரின் டெஸ்ட்?

சிறுநீரகத்தில் லூபஸ் தொடங்கும்போது வலிக்காது. கால் வீங்கும் வரை காத்திருந்தால் தாமதம். எங்களைக் கேட்டால், கையில் உள்ள காசுக்கு ஒன்றிரண்டு டெஸ்ட்தான் எடுக்க முடியும் என்றால், யூரின் ரொட்டீனோடு புரத-கிரியாட்டினின் விகிதமும், ரத்தத்தில் சி.பி.சி.யும் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது)தான் எடுக்க வேண்டும். ஆன்டிபாடி அதற்குப் பிறகு. இவை எல்லாமே விலை குறைந்தவை, அரசு மருத்துவமனையில் வழக்கமாகச் செய்பவை.

விகிதம் 0.2-க்குக் கீழே இருந்தால் நல்லது. 0.5-க்கு மேல் போய், திரும்ப எடுத்தும் அப்படியே இருந்தால் டாக்டர் சிறுநீரக பயாப்ஸி (ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) பற்றிப் பேசுவார். எந்த வகைப் பாதிப்பு என்பதை ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. பயாப்ஸிதான் சொல்லும், மருந்தும் அதைப் பொறுத்தது. இங்கேயும் அலகுக் குழப்பம் உண்டு: 0.5 என்பதும் கிராமுக்கு 500 மி.கி. என்பதும் ஒன்று.

எடுக்கும் முறை: காலையில் எழுந்ததும் போகும் முதல் நீர். கழுவிக்கொண்டு, முதலில் கொஞ்சம் விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மாதவிடாய் நாட்களிலும் அது முடிந்த இரண்டு மூன்று நாட்களிலும் கொடுக்க வேண்டாம். ரத்தம் கலந்து சிறுநீரகக் கோளாறு போலக் காட்டும். காய்ச்சல், நீர்க்கடுப்பு இருந்தாலும் புரதம் ஏறும். கொடுத்தே ஆக வேண்டுமானால் அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சிவப்பணுவும் சிலிண்டர் வடிவக் ‘காஸ்ட்’டும் இருக்கிறதா என்பது மைக்ராஸ்கோப்பில் தெரிய வேண்டுமானால் நீர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். எண்ணூரில் ஆறு மணிக்குப் பிடித்து, ஓ.பி. வரிசையில் பத்து மணி வரை கைப்பையில் வைத்திருந்தால் காஸ்ட் கரைந்துபோய் ‘நில்’ என்று வரும். அப்படிப்பட்டவர்கள் விகிதத்துக்கு வீட்டு நீரும், மைக்ராஸ்கோப்புக்கு லேபிலேயே புதிதாகப் பிடித்ததும் கொடுக்கலாம்.

24 மணி நேர நீர் கேட்டால்: முதல் நாள் காலை எழுந்ததும் போவதைக் கொட்டிவிட்டு நேரத்தைக் குறியுங்கள். அதன் பிறகு ஒரு சொட்டு விடாமல், மறுநாள் அதே நேரத்தில் போவது உட்பட, கேனில் சேருங்கள். மலம் கழிக்கப் போகும்போது கூடவே போகும் நீரை விட்டுவிடுவதுதான் வழக்கமான தப்பு. கேனை வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

ரிப்போர்ட் மோசம், ஆனா உடம்பு நல்லா இருக்கு. ஸ்டீராய்டு கூட்டணுமா?

எண்ணுக்காக மட்டும் கூட்டுவதில்லை. டி.என்.ஏ. ஏறி, காம்ப்ளிமென்ட் குறைந்து, ஆனால் நோயின் அறிகுறி ஒன்றும் இல்லாமல் வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. எண் ஏறியவுடன் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நெதர்லாந்தில் பார்த்து 1995-ல் வெளியிட்டார்கள். நோய் திரும்ப வருவது குறைந்தது உண்மை. ஆனால் அந்த வழியில் போனால், வராமலே இருந்திருக்கக்கூடியவர்களும் சேர்ந்து ஸ்டீராய்டு சாப்பிட வேண்டும். சர்க்கரை, எலும்புத் தேய்வு, தொற்று எல்லாம் அதோடு வரும். எனவே இப்போது செய்வது கண்காணிப்பை நெருக்குவது: மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்ததை மாதம் ஒரு முறை யூரின், சி.பி.சி., ரத்த அழுத்தம் என்று மாற்றுவது. லூபஸுக்கான அடிப்படை மாத்திரையான ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று உறுதி செய்வது.

உடம்பு முடியலை, ஆனா ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு அனுப்பிடறாங்க.

தோல், மூட்டு, வாய்ப்புண் போன்றவை டி.என்.ஏ.வும் சி3-யும் அசையாமலே கிளம்பும். கன்னத்தில் தடிப்பு வந்த அன்றே போனில் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்; ஓ.பி. நாளில் அது மறைந்திருக்கும். அசதி மட்டும் என்றால் ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வைட்டமின் டி, தூக்கம், மனச்சோர்வு இவற்றையும் பார்க்க வேண்டும். எல்லா அசதியும் லூபஸ் அல்ல.

‘ஸ்லெடாய் 8’ என்று எழுதியிருக்கிறார். அது என்ன?

நோய் இப்போது எவ்வளவு வேகமாக இருக்கிறது என்று 24 அம்சங்களை வைத்துப் போடும் மதிப்பெண், 0 முதல் 105 வரை. வலிப்பு வந்தால் 8, மூட்டு அழற்சிக்கு 4, சிறுநீரில் புரதத்துக்கு 4, தடிப்பு, முடி உதிர்வு, வாய்ப்புண் ஒவ்வொன்றுக்கும் 2, காய்ச்சலுக்கு 1. நம்மை இவ்வளவு அலைக்கழிக்கும் டி.என்.ஏ.வுக்கு 2-தான், காம்ப்ளிமென்ட் குறைவுக்கும் 2-தான். இரண்டும் சேர்ந்து 4 வந்து, வேறு ஒன்றுமே இல்லாதவரின் 4-ம், மூட்டு வீங்கிப்போய் 4 வந்தவரின் 4-ம் வேறு வேறு. அதனால் மொத்தத்தை மட்டும் கேட்காமல் எதற்கு எத்தனை என்று கேளுங்கள். நோய் அடங்கிய நிலை என்று இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறையிலும் ரத்த ஆன்டிபாடி நெகட்டிவ் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அறிகுறி மதிப்பெண் பூஜ்யம், பிரெட்னிசோலோன் 5 மி.கி. அல்லது அதற்குக் கீழே, டாக்டரின் மதிப்பீடும் அதற்கு ஒத்து வர வேண்டும்.

ரத்தம் உறையும் டெஸ்ட் எதுக்கு?

ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி மூன்று: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். இவை இருந்தால் காலில், நுரையீரலில், மூளையில் ரத்தக்கட்டியும், கருச்சிதைவும் வரும் வாய்ப்பு கூடும். ஒரு தடவை பாசிட்டிவ் போதாது. காய்ச்சலுக்குப் பிறகு தற்காலிகமாக வந்து போகும். குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஹெபாரின், வார்ஃபரின் எடுக்கிறவர்களுக்கு லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் தப்பாக வரலாம். நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு. குறியிட்ட கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் அப்போதே திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.

குழந்தைக்குத் திட்டம் போட்டிருக்கோம். எந்த டெஸ்ட் முக்கியம்?

கருத்தரிக்கும் முன்பே ரோ, லா, மேலே சொன்ன மூன்று ஆன்டிபாஸ்போலிப்பிட், யூரின் விகிதம். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கியிருக்க வேண்டும். மைக்கோஃபெனோலேட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்னதாக நிறுத்தி, பெரும்பாலும் அசாத்தியோப்ரினுக்கு மாற்றுவார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னாலும், மாமியார் சொன்னாலும்.

ரோ உள்ள தாய்மாரில் சுமார் நூற்றுக்கு இரண்டு பேரின் குழந்தைக்கு இதயத் துடிப்புத் தடை வரலாம். அதனால் 16 முதல் 26 வாரம் வரை குழந்தையின் இதயத்தை எக்கோவில் பார்ப்பார்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பதிவு செய்கிறவர்கள் முதல் நாளிலேயே லூபஸ் ஃபைலையும் ரோ ரிப்போர்ட்டையும் காட்டிவிடுங்கள். பிற்பாதியில் ரத்த அழுத்தமும் புரதமும் சேர்ந்து ஏறினால் அது கர்ப்பகால ரத்த அழுத்த நோயா, லூபஸா என்ற சிக்கல் வரும். டி.என்.ஏ. ஏறி, சி3 இறங்கி, யூரினில் சிவப்பணு காஸ்ட் தெரிந்தால் லூபஸ் பக்கம். யூரிக் ஆசிட்டும் ஈரல் என்சைமும் ஏறினால் மற்றது. முந்தைய எண்கள் கையில் இல்லாவிட்டால் இதைப் பிரிப்பது பெரும்பாடு.

வெறும் வயிற்றில் போகணுமா? மாத்திரை சாப்பிட்டுட்டுப் போகலாமா?

ஆன்டிபாடிக்கும் காம்ப்ளிமென்ட்டுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை, கொழுப்பு சேர்ந்திருந்தால் மட்டும் தேவை. வழக்கமான மாத்திரையைச் சாப்பிடலாம். ஸ்டீராய்டு வெள்ளணுவைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பது டாக்டருக்குத் தெரியும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். சில மெஷின்களில் தைராய்டு உட்படப் பல டெஸ்ட்களை அது குழப்பும். இரண்டு மூன்று நாள் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள்.

ஃபைலில் ஒரே ஒரு தாள் தனியாக வையுங்கள். தேதி, லேப், டி.என்.ஏ. (அதன் நார்மலோடு), சி3, சி4, ஹீமோகுளோபின், வெள்ளணு, பிளேட்லெட், கிரியாட்டினின், யூரின் விகிதம், அன்றைய ஸ்டீராய்டு அளவு. கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம். ஸ்டீராய்டு 20 மி.கி.யில் இருந்தபோது வந்த நல்ல எண்ணும், 5-ல் வந்த நல்ல எண்ணும் ஒன்றல்ல. லேமினேட் போட்ட பழைய ரிப்போர்ட் கட்டைவிட டாக்டர் இந்தத் தாளைத்தான் முதலில் பார்ப்பார்.

எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை?

நோய் அடங்கியிருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகத்துக்குச் சிகிச்சை தொடங்கிய புதிதில் மாதம் ஒருமுறை, சில நேரம் அதற்கும் முன்பே. ஸ்டீராய்டு குறைக்கும்போதும் இடைவெளியை நெருக்க வேண்டும்.

டி.என்.ஏ. நெகட்டிவ் ஆயிடுச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடாது. நெகட்டிவ் ஆனதே பெரும்பாலும் மாத்திரையால்தான். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. அளவு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மி.கி. என்ற ஒட்டில். 60 கிலோ உள்ளவருக்கு 300 மி.கி.; 200 மி.கி. மாத்திரையை ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று போட்டால் கணக்கு சரியாகும். தொடங்கும்போது ஒரு முறையும், ஐந்து வருடத்துக்குப் பிறகு வருடம் ஒரு முறையும் விழித்திரை பரிசோதனை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதற்கு முன்பே.

ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாத நிலை எது?

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வலிப்பு, திடீர்க் குழப்பப் பேச்சு, கை கால் ஒரு பக்கம் விழுவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இருமலில் ரத்தம், நீர் போவது வெகுவாகக் குறைவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு நடுக்கம். லேபுக்குப் போகாமல் நேராக அவசரப் பிரிவுக்கு, 108-ஐக் கூப்பிட்டு. கையில் அந்த ஒற்றைத் தாளும் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும்.

என் தங்கச்சிக்கும் ஏ.என்.ஏ. எடுத்துப் பார்த்துடலாமா?

அவளுக்கு ஒரு அறிகுறியும் இல்லையென்றால் வேண்டாம். லூபஸ் உள்ளவரின் உடன்பிறந்தவர்களிடம் நோயே இல்லாமல் ஏ.என்.ஏ. பாசிட்டிவ் ஆவது சகஜம். மூட்டு வீக்கம், வெயிலில் தடிப்பு, காரணமில்லாத காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் அப்போது டாக்டரிடம் உங்கள் நோயைச் சொல்லிக் காட்டட்டும்.